‘சட்டம் மாறிவிட்டது என்கிறார்கள், எனக்கு என்ன மாறியது?’

ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. ஊர், தொழில், குடும்ப விவரங்களில் அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன்.

வயது 27. மேற்கு மாவட்டம் ஒன்றில் துணி ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். நிர்வாகத்தைக் கவனித்தவர் முதலாளியின் தம்பி. அவரும் ஒரு பங்குதாரர். எட்டு மாதங்களுக்கு முன் இருப்புக் கணக்கெடுப்பு நள்ளிரவு வரை நீண்ட ஒரு நாளில், வீட்டில் விடுகிறேன் என்று வாசகியைக் காரில் ஏற்றிக்கொண்டவர், வழியில் நிறுவனத்தின் விருந்தினர் விடுதிக்கு அழைத்துப்போய்ப் பாலியல் வன்கொடுமை செய்திருக்கிறார். வாசகி கத்தவில்லை. கையும் காலும் விறைத்துப்போயின என்கிறார். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு உடைகளைத் துவைத்துப் போட்டிருக்கிறார். மறுநாள் காலை அக்காவிடம் மட்டும் சொன்னார். தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காக இன்னும் மூன்று மாதம் அதே அலுவலகத்துக்குப் போனார். அந்த மூன்று மாதமும் கைபேசியில் ஆபாசச் செய்திகள் வந்தன. ஆள் இல்லாத நேரத்தில் தொடுவதும் நடந்தது. ஐந்து மாதங்களுக்கு முன் வேலையை விட்டார்.

சென்ற மாதம் அக்காவுடன் வீட்டுக்கு அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போனார். “சம்பவ இடம் எங்கள் எல்லையில் இல்லை. எட்டு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தாய்?” என்று கேட்டுவிட்டு, மனு ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாளே அந்தத் தரப்பிலிருந்து ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்து பணம் பேசினார். மறுத்ததும், “வேண்டுமானால் கட்டிக்கொள்ளவும் பையன் தயார்” என்றார். அதற்கும் மசியாததால் இப்போது அவதூறு வழக்குப் போடுவோம் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அப்பா இதய நோயாளி. இன்னொரு பக்கம் வாசகிக்கு வரன் பேசி முடியும் நிலையில் இருக்கிறது.

கடிதத்தின் கடைசி வரி: “சட்டமெல்லாம் மாறிவிட்டது, கடுமையாகிவிட்டது என்று டிவியில் சொல்கிறார்கள். எனக்கு என்ன மாறியது?”

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். சட்டம் மாறியிருக்கிறது. ஆனால் டிவியில் பேசப்படும் மாற்றம் உங்களுக்குப் பெரிதாக உதவாது. உங்களுக்கு உதவக்கூடிய மாற்றங்களைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. தூக்குத் தண்டனை என்று முழங்குகிறார்களே, அது குழந்தைகள் மீதான குற்றம், பாதிக்கப்பட்டவர் இறந்துபோன வழக்கு, இரண்டாம் முறை தண்டனை பெறுபவர் என்று சில வகைகளுக்கு மட்டும் உரியது. 2012 டிசம்பரில் நடந்த டெல்லி பேருந்துச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ்.வர்மா குழு, 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்தபோது தூக்குத் தண்டனையைப் பரிந்துரைக்கவே இல்லை. 2025 ஜனவரியில் நம் சட்டமன்றமும் தண்டனைகளைக் கூட்டி மசோதா நிறைவேற்றியது. பத்து ஆண்டு பதினான்கு ஆண்டாவதால், காவல் நிலைய மேசையில் உங்களுக்குக் கிடைத்த பதில் மாறிவிடாது. அந்த மேசையில் என்ன நடக்க வேண்டும், மருத்துவமனையில் எதைச் செய்யக்கூடாது, கூண்டில் நிற்கும் உங்களிடம் எதைக் கேட்கக்கூடாது என்பவைதான் நாற்பது ஆண்டுப் போராட்டத்தில் கிடைத்த உண்மையான திருத்தங்கள். அவற்றைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கத்தவில்லை என்பது

“நான் எதிர்க்கவில்லை, அதனால் சம்மதித்ததாகத்தானே ஆகும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவில் சம்மதம் என்றால் என்ன என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்: சொல்லாலோ சைகையாலோ ஐயத்துக்கு இடமின்றித் தெரிவிக்கப்படும், தானாக முன்வந்த உடன்பாடு. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அது சம்மதமாகிவிடாது என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. அச்சத்தில் உடல் விறைத்துப்போவது பல பெண்களுக்கு நேர்வது.

இந்த இரண்டு வாக்கியங்கள் சும்மா வந்துவிடவில்லை. 1972-இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள், மதுரா என்ற பழங்குடிச் சிறுமி மீதான வன்கொடுமைக்கு இரண்டு காவலர்கள் மீது வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது: உடலில் காயம் இல்லை, கூச்சலிட்டதாகத் தெரியவில்லை, ஆகவே இணங்கியிருக்கிறாள் என்பது தர்க்கம். உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-இல் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணிந்துபோவதையும் சம்மதிப்பதையும் நீதிமன்றம் எப்படி ஒன்றாகப் பார்க்கலாம் என்று கேட்டார்கள். அதைத் தொடர்ந்து எழுந்த போராட்டத்தின் விளைவுதான் 1983-ஆம் ஆண்டுத் திருத்தம். காவலர், சிறை அதிகாரி போன்றவர்கள் செய்த குற்றத்தில், உறவு நடந்தது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்று விதி வந்தது.

உங்கள் வழக்குக்கு இது எப்படிப் பொருந்தும் என்கிறீர்களா? 2013-இல் அந்த வரம்பை விரித்தார்கள். இன்று நியாய சன்ஹிதாவின் 64-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், பெண்ணின் மீது ‘கட்டுப்பாடோ ஆதிக்கமோ செலுத்தும் நிலையில்’ இருப்பவரும் அடங்குவார். மத்தியச் சட்டத்தில் இதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. அந்த உட்பிரிவின் கீழ் வழக்கு வந்தால்தான், சம்மதம் இல்லை என்று நீதிமன்றம் கொள்ள வேண்டிய விதியும் வரும். இப்போது அது பாரதிய சாட்சியச் சட்டத்தின் 120-ஆம் பிரிவு. எனவே உங்கள் புகாரில் சம்பவத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். சம்பளம் நிர்ணயித்தவர் யார், விடுப்புக் கொடுத்தவர் யார், அன்று இரவு இருக்கச் சொன்னவர் யார், வேலையை விட்டு அனுப்பும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதையெல்லாம் எழுதுங்கள். சாதாரணமாக முதல் உட்பிரிவில் மட்டும் வழக்குப் பதிவு செய்து முடித்துவிடும் பழக்கம் நிலையங்களில் உண்டு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அவர் “உறவு நடந்தது, ஆனால் சம்மதத்துடன்” என்று வாதாடினால் இந்த விதி உங்களுக்குப் பெரும் பலம். “எதுவுமே நடக்கவில்லை” என்று வாதாடினால், நடந்தது என்பதை முதலில் நிரூபித்தாக வேண்டும். மருத்துவச் சான்று இல்லாத உங்கள் வழக்கில் கடினமான இடம் இதுதான்.

எட்டு மாதம்

வன்கொடுமைக் குற்றத்துக்குப் புகார் கொடுக்கக் காலக்கெடு கிடையாது. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூனில் சந்தன மரத் தேடுதல் என்ற பெயரில் நுழைந்த அதிகாரிகளால் 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். புகாரை ஏற்கவே ஆள் இல்லை. பிறகு சிபிஐ விசாரித்து, 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தாமதம் ஒரு வழக்கைக் கொன்றுவிடாது. தாமதத்துக்கு விளக்கம் இல்லாவிட்டால்தான் பலவீனம். உங்களிடம் விளக்கம் இருக்கிறது: அப்பாவின் உடல்நிலை, தம்பியின் கட்டணம், அதே அலுவலகத்தில் தொடர்ந்த பயம். 1996-இல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அடிப்படை: குடும்ப மானம் பற்றிய அச்சத்தால் புகார் தாமதமாவதை இத்தகைய வழக்குகளில் இயல்பாகப் பார்க்க வேண்டும், பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால், வேறு ஆதாரம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆதாரம் எதுவும் இல்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். மறுநாள் காலையே கேட்ட அக்கா ஒரு சாட்சி. பிறகு வந்த செய்திகள் உங்கள் கைபேசியில் இருக்கின்றன. அன்றைய இருப்புக் கணக்கெடுப்புப் பதிவேட்டில் யார் எத்தனை மணி வரை இருந்தார்கள் என்பது தெரியும். விடுதிக் காவலாளி இருக்கிறார். தூக்கம் வரவில்லை என்று அந்த மாதமே நீங்கள் போய்ப் பார்த்த மருத்துவரின் சீட்டு இருக்கிறது. உடையைத் துவைத்தது போனது போனதுதான். அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

கைபேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், எந்தச் செய்தியையும் அழிக்காதீர்கள். சம்பவத்துக்கு முன்பு நீங்கள் அவருடன் சிரித்துப் பேசிய செய்திகள் இருப்பதாகவும் அவற்றை நீக்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. அவை அவர் கைபேசியிலும் இருக்கின்றன. நீங்கள் அழித்தது தெரிந்தால் நீதிமன்றம் மற்றதையும் சந்தேகிக்கும். மேலதிகாரியிடம் சிரித்துப் பேசுவது குற்றமும் இல்லை, சம்மதமும் இல்லை.

காவல் நிலையத்தில் கேட்க வேண்டியவை

உங்களை அனுப்பிவைத்த அந்த நிலையம் சட்டத்தை மீறியிருக்கிறது. எல்லை ஒரு காரணமே அல்ல. எந்த நிலையத்தில் சொன்னாலும் முதல் தகவல் அறிக்கையைப் பூஜ்ய எண்ணில் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2013-க்குப் பிறகு நடைமுறைக்கு வந்து, 2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டுவிட்டது. இத்தகைய புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். நகல் இலவசம்.

நீங்கள் பெற்ற சி.எஸ்.ஆர். ரசீது முதல் தகவல் அறிக்கை அல்ல. தமிழ்நாட்டில் எத்தனையோ பெண்கள் அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பிக் காத்திருக்கிறார்கள். “முதலில் 14 நாள் விசாரித்துவிட்டுப் பதிகிறோம்” என்று யாராவது சொன்னால் அதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அந்த வசதி மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும்தான். புகார் கொடுத்த இரண்டாம் நாளே எதிர்த்தரப்புக்கு விஷயம் எப்படிப் போனது என்பதையும் அடுத்த புகாரில் ஒரு பத்தியாகச் சேருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: விரிவான புகாரை எழுதி, கையெழுத்திட்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு நகலை அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் நேரில் கொடுங்கள். அங்கும் பதியாவிட்டால் பிரமாணப் பத்திரத்துடன் குற்றவியல் நடுவரிடம் போகலாம். அவர் பதியச் சொல்லி உத்தரவிடலாம். வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் காவல் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு என்று நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவில் யாராவது உள்ளே போனார்களா என்று கேட்காதீர்கள். ஆனால் புகாரின் கடைசியில் அந்த எண்ணைக் குறிப்பிட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் தொனி மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவான பிறகு உங்கள் வாக்குமூலத்தை வீட்டிலோ நீங்கள் விரும்பும் இடத்திலோ பெண் அதிகாரியிடம் கொடுக்கலாம். அடுத்து நடுவர் முன் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவின் கீழ் ஒரு வாக்குமூலம். முடிந்தவரை பெண் நடுவர், இல்லையென்றால் ஒரு பெண் உடனிருக்க வேண்டும். புகார், இந்த வாக்குமூலம், பிறகு கூண்டில் சொல்லும் சாட்சியம், இந்த மூன்றையும் வரிக்கு வரி வைத்துப் பார்ப்பதுதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் வேலை. ஆகவே நினைவில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். நேரம் சரியாகத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். “வலுவாக இருக்கட்டும்” என்று உறவினர் ஒருவர் கூட்டிச் சேர்த்த ஒரு வரியால் தோற்ற வழக்குகள் உண்டு.

மருத்துவப் பரிசோதனை பற்றிய உங்கள் பயத்துக்குச் சுருக்கமான பதில்: பெண் உறவுக்குப் பழகியவளா என்று விரலால் பார்க்கும் இருவிரல் பரிசோதனை சட்டவிரோதம். 2013-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டில் அதைத் தடைசெய்யச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், அதைச் செய்யும் மருத்துவர் நடத்தை மீறலுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் சம்மதம் இல்லாமல் எந்தப் பரிசோதனையும் செய்ய முடியாது. எட்டு மாதம் கழித்து அதில் கிடைக்கப்போவதும் அதிகமில்லை.

பணம், தாலி, நோட்டீஸ்

வன்கொடுமை வழக்கில் சமரசத்துக்கு இடமில்லை. இது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான வழக்கு அல்ல, அரசு நடத்தும் வழக்கு. 2012-இல் கியான் சிங் வழக்கில், இத்தகைய கொடுங்குற்றங்களை இரு தரப்பும் ஒத்துப்போனார்கள் என்று ரத்துசெய்யக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். நீதிபதிகளுக்கே இது புரியாமல் இருந்த காலம் வெகு தூரத்தில் இல்லை. 2015-இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே, வன்கொடுமைக் குற்றவாளி ஒருவர் பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரச மையத்தில் பேசட்டும் என்று பிணை கொடுத்தார்கள். கடும் கண்டனத்துக்குப் பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2021-இல் அபர்ணா பட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: திருமணம், சமரசம் என்ற பேச்சையே நீதிமன்றங்கள் எடுக்கக்கூடாது. நீதிமன்றமே எடுக்கக்கூடாத பேச்சை ஊர்ப் பெரியவர் உங்கள் வீட்டு வாசலில் எடுக்கிறார். அவர் வந்த தேதி, உடனிருந்தவர்கள், பேசிய தொகை எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். சாட்சியை வளைக்க நடந்த முயற்சிக்கு அது ஆதாரம்.

“இப்போது புகார் கொடுத்துவிட்டு, வேண்டாம் என்று தோன்றினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. பதிவான பிறகு நீங்கள் ஒரு சாட்சி. கூண்டில் மாற்றிச் சொன்னால் பிறழ்சாட்சி ஆவீர்கள்; பொய்ச்சாட்சி நடவடிக்கைகூட வரலாம். ஆகவே தயக்கம் எல்லாம் புகாருக்கு முன்பே தீர வேண்டும்.

அவதூறு நோட்டீஸைக் கண்டு கலங்க வேண்டாம். அதிகாரம் பெற்ற அமைப்பிடம் நல்லெண்ணத்துடன் கொடுக்கும் புகார் அவதூறு ஆகாது என்று சட்டமே விலக்களித்திருக்கிறது. 2021 பிப்ரவரியில், பாலியல் புகார் சொன்னதற்காகப் போடப்பட்ட அவதூறு வழக்கிலிருந்து பத்திரிகையாளர் பிரியா ரமணியை விடுவித்த டெல்லி நீதிமன்றம், பல ஆண்டுகள் கழித்தும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது. ஆனால் அவர் பெயரைப் போட்டு வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ எழுதாதீர்கள். உங்கள் அத்தை மகன் எழுதப்போவதாகச் சொல்லியிருந்தீர்களே, அவரையும் தடுத்துவிடுங்கள்.

பெயர் வெளியே வருமா

பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. இத்தகைய வழக்கின் முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்றக்கூடாது. தீர்ப்பிலும் உங்கள் பெயர் வராது. இது சட்டம். நடப்பு வேறு என்பதும் உங்களுக்குத் தெரியும். 2019-இல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அரசுத் தரப்பிலிருந்தே வெளியானது; மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் முதல் தகவல் அறிக்கை கசிந்தது. அங்கும் உயர் நீதிமன்றம் 25 லட்சம் இடைக்கால இழப்பீடு விதித்தது. தெரியாத ஊருக்கு நீங்கள் யாரென்று தெரியாமல் காக்க முடியும். தெரிந்த தெருவுக்குத் தெரியாமல் காப்பது கடினம். அப்பாவுக்கு அடுத்தவர் வாயால் தெரியும்முன், அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அக்காவுடன் சேர்ந்து நீங்களே சொல்வது நல்லது.

நீதிமன்றத்தில்

உங்களுக்கு முன்பு ஒருவருடன் காதல் இருந்ததை எதிர்த்தரப்பு எடுக்கும் என்று அஞ்சுகிறீர்கள். எடுக்கப் பார்ப்பார்கள். 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, பெண் ஒழுக்கமற்றவள் என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்கலாம் என்று சாட்சியச் சட்டத்திலேயே ஒரு விதி இருந்தது. அதை நீக்கினார்கள். 2013-இல் இன்னும் ஒரு படி போய், சம்மதம் பற்றிய வழக்கில் பெண்ணின் முந்தைய பாலியல் அனுபவம் குறித்துக் குறுக்கு விசாரணையில் கேட்கவே தடைவிதித்தார்கள். கேள்வி வந்தால் அரசு வழக்கறிஞர் எழுந்து மறுக்க வேண்டும். அவர் நாற்பது வழக்குக் கட்டுகளுக்கு நடுவே இருப்பார், மறக்கலாம். அதனால்தான், அரசுத் தரப்புக்கு உதவியாக உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள நீதிமன்றத்திடம் அனுமதி கேளுங்கள். பெண் என்ற ஒரே தகுதியில், வருமான வரம்பு இல்லாமல், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உங்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் தரும். தொலைபேசி 15100.

விசாரணை மூடிய அறையில் நடக்கும். அவர் முகத்தைப் பார்க்காமல் சாட்சி சொல்லத் திரை கேட்கலாம். அவருக்கு முன்ஜாமீன் கிடைத்துவிட்டால் மனம் உடையாதீர்கள். அது தீர்ப்பு அல்ல. பிணை மனுவில் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு மாதத்தில் புலன்விசாரணை, குற்றப்பத்திரிகைக்குப் பின் இரண்டு மாதத்தில் வழக்கு விசாரணை என்று புத்தகத்தில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக வழக்கு, உயர் நீதிமன்றத்தின் கண் அதன்மேல் இருந்ததால், ஐந்தரை மாதத்தில் 2025 ஜூனில் தண்டனையில் முடிந்தது. பொள்ளாச்சி வழக்குக்கு ஆறு ஆண்டு ஆனது; சாட்சி சொன்ன பெண்களில் ஒருவர்கூடப் பிறழாமல் நின்றதால் 2025 மே 13-இல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. பரபரப்பு இல்லாத ஒரு மாவட்ட வழக்கு வாய்தா வாய்தாவாகத்தான் நகரும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, விசாரணை முடிந்த வன்கொடுமை வழக்குகளில் தண்டனையில் முடிந்தவை நூற்றுக்கு 30-க்கும் குறைவு. விடுதலையானால் புகார் பொய் என்று பொருளில்லை என்பதை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் முன் உள்ள வழிகள்

எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒன்றுக்கு மட்டும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன் கீழ் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எட்டு மாதத்தைக் கணக்கிட்டு இது முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். கணக்கு அப்படி அல்ல. நீங்கள் வேலையை விடும் வரை செய்திகளும் தொடுதலும் தொடர்ந்தன. அது ஐந்து மாதத்துக்கு முன்புதான். சில வாரங்கள் மீதமிருக்கின்றன. அவரே நிர்வாகி என்பதால் நிறுவனத்தின் உள்ளகக் குழுவுக்குப் போகாதீர்கள். மாவட்ட அளவிலான உள்ளூர் புகார்க் குழுவிடம் போங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். அந்தக் குழு சிறைக்கு அனுப்பாது. ஆனால் இழப்பீடு பரிந்துரைக்கும், சாட்சிகளை விசாரித்து ஆவணமாக்கும், குற்றவியல் புகாருக்கும் தடையாக இருக்காது.

குற்றவியல் புகார் கொடுப்பது என்று முடிவெடுத்தால் அதையும் தள்ளிப்போட வேண்டாம். காலக்கெடு இல்லை என்பது உண்மை, காவலாளி ஊரை விட்டுப் போய்விடுவார் என்பதும் உண்மை. இப்போது வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது உங்கள் உரிமை. யாரும், நான் உட்பட, உங்களை வீரத்துக்கு உந்தக்கூடாது. அப்போதும் 181-இல் அழைத்து ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தின் உளவியல் ஆலோசனையைப் பெறுங்கள். வழக்குப் பதிவாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. “சில இரவுகளில் இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது” என்ற அந்த ஒரு வரியைக் கடந்துபோக முடியவில்லை. அப்படித் தோன்றும் இரவில் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும்.

இழப்பீடு வேறு, அவர் தரப்பு நீட்டும் பணம் வேறு. முதல் தகவல் அறிக்கை பதிவானதும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற திட்டப்படி வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் வரை, இடைக்காலத் தொகையும் உண்டு. தண்டனை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசு தருவதை வாங்கினால் “பணத்துக்காகப் புகார்” என்று பேச்சு வரும் என்கிறீர்கள். பேச்சு எப்படியும் வரும், வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் போக வேண்டிய தூரம் நிறைய. கணவன் மனைவியிடம் செய்தால் அது வன்கொடுமையே அல்ல என்ற விலக்கு இன்னும் 63-ஆம் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. வர்மா குழு நீக்கச் சொன்னது, நாடாளுமன்றம் நீக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் வயதுவந்த ஆணாக இருந்தால் புதிய சட்டத்தில் அவருக்கு வன்கொடுமைப் பிரிவே கிடையாது. இதையெல்லாம் உங்கள் வழக்கில் வைத்துப் பேசி உங்களைக் களைப்பாக்க மாட்டேன்.

கடைசியாக, வரன் வீட்டில் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் புகார் கொடுப்பதாக இருந்தால், திருமணத்துக்குப் பிறகு எந்த மாதத்திலும் சாட்சி அழைப்பாணை புகுந்த வீட்டுக்கு வரும். அதனால் நிச்சயத்துக்கு முன், மாப்பிள்ளையிடம் மட்டும், உங்கள் அக்கா உடனிருக்கச் சொல்லிவிடுங்கள். அவர் பெற்றோரிடம் எப்போது சொல்வது என்பதை நீங்கள் இருவரும் பிறகு பேசிக்கொள்ளலாம். புகார் கொடுக்கப்போவதில்லை என்றால் சொல்வதும் சொல்லாததும் முழுக்க உங்கள் விருப்பம்.